முப்பத்தொன்றாம் மரத்து இலை

முப்பத்தொன்றாம் மரத்தில் ஓணான் ஏறவில்லை. அது அவனுக்குத் தெரியும். கீழே கயிறு பிடித்து நின்ற மச்சினனுக்கும் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

ஓணான் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுகிற வேலையில் பதினைந்து வருடம் இருந்தவன். ஏறும்போது இரண்டு எட்டு வைப்பான், நிற்பான், தலையைத் தூக்கி மேலே பார்ப்பான், மறுபடி இரண்டு எட்டு. கம்பி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஏறியவர்கள் யாரும் அந்த வேலையில் ரொம்ப நாள் இருந்ததில்லை. அந்தத் தலையாட்டலைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

போன வருடம் அவனோடு ஏறிய ஒருவன் கம்பியிலேயே போய்விட்டான். இனி அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில்தான் பழமர ஆராய்ச்சி நிலையத்தில் மரம் ஏற ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டான். ஒரு பருவத்துக்கு மட்டும் வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் ஆக்கப் பார்க்கலாம் என்றார்கள். பாதை வெட்டவும் கயிறு பிடிக்கவும் இன்னொரு ஆள் வேண்டும் என்றதும் பெண்டாட்டியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனான். மச்சினனுக்கு முப்பத்தைந்து வயது. தொப்பையைப் பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

அணையின் சுவரை உயர்த்தப் போகிறார்கள். உயர்த்தினால் அதற்கு மேலே இருக்கும் ஓடைப் பள்ளத்தாக்கு முழுகிவிடும். அதற்கு முன்னால் குத்தகைக்காரன் ஆட்கள் ரம்பத்தோடு வந்து மரங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் நடாமல் தானாக வளர்ந்த காட்டு மா மொத்தம் அறுபத்துநான்கு நின்றன. சின்னப் பழம், முழுக்க நார், கடித்தால் பல் கூசும். தோப்பு வைத்திருப்பவன் எவனும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நிலையத்தில் இந்த வேலையை நடத்திய பெண்மணியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடாத டாக்டர் என்று மச்சினன் சொல்லுவான். முதல் நாளே அந்தம்மா இரண்டு பேரையும் நிலையத்தின் பின்பக்கம் கூட்டிப்போய், கருகி நின்ற ஒரு தோப்பைக் காட்டினார்.

"இது எல்லாமே ஒரே மரத்துல இருந்து எடுத்த ஒட்டு. அதனால ஒண்ணுக்கு வந்த நோய் அத்தனைக்கும் வந்துச்சு. காட்டு மரம் அப்படி இல்ல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. எது எந்த நோயைத் தாங்கும்னு இப்ப எனக்கும் தெரியாது. ஆனா வேற வேறயா கையில இருந்தாத்தான் ஏதோ ஒண்ணாவது தாங்கும்."

நிலையத்தின் புதுத் தோட்டத்தில் நாற்பது குழி வெட்டி வைத்திருந்தார்கள். நாற்பதுக்குத்தான் இடம். அறுபத்துநான்கு மரத்திலிருந்தும் இலை கொண்டுவர வேண்டும். மரபணுவை மெஷினில் போட்டுப் பார்த்து, ஒன்றுக்கொன்று வேறுபட்ட மரங்களைப் பொறுக்கி, அவற்றிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து அந்தக் குழிகளில் வைப்பார்கள். இரண்டு மரம் ஒரே மாதிரி வந்தால் அதில் ஒன்று போதும். மற்றது தண்ணீருக்கு.

இலை பறிக்க ஒரு விதி இருந்தது. தரையில் விழுந்தது கூடாது. நின்றபடி எட்டுவதும் கூடாது. அடிமரத்தை ஒட்டி வேறொரு கன்று முளைத்து, அதன் இலையாக இருக்கலாம். உச்சிக்கு ஏறி, செம்பு நிறத்துத் தளிர் இருக்கும் கிளையைப் பிடித்து, அது எங்கிருந்து வருகிறது என்று அடிமரம்வரை கையால் தடவிப் பார்த்த பிறகே ஐந்து இலை பறிக்க வேண்டும். காட்டில் கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. பறித்ததைக் காகித உறையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகளைக் கொட்டி, மரத்தில் அடித்திருக்கும் தகட்டின் எண்ணை மேலே எழுத வேண்டும். எழுதுவது மச்சினன்.

முப்பதாம் மரத்தின் உச்சியில் ஓணான் இருந்தபோது மணி பதினொன்று. ஓடைக்கரையில் முப்பதும் முப்பத்தொன்றும் பன்னிரண்டு அடி தள்ளித்தான் நின்றன. மேலே இரண்டின் கிளைகளும் பின்னிக்கொண்டு கிடந்தன. முப்பதுக்கு உரிய இலையைக் கயிற்றில் இறக்கிவிட்டு, வழக்கம்போலத் தலையைத் தூக்கினான். எதிரே முப்பத்தொன்றின் கிளை பிரியும் கவையில் மண் நிறத்தில் ஒரு கூடு தொங்கியது.

"மாமா, என்ன அப்படியே நிக்கிறீங்க?"

"கதண்டு."

"எவ்வளவு பெரிய கூடு?"

"உன் வயித்தளவு."

"அப்ப சின்னக் கூடு இல்ல. பேசாம இறங்கிடுங்க."

பல வருடத்துக்கு முன்னால் ஐந்து கதண்டுக் குளவி கொட்டி அவன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். நாக்கு தடித்து வாய்க்கு வெளியே வந்தது இன்னும் ஞாபகம் இருந்தது. முப்பதின் கிளையிலேயே உட்கார்ந்து கையை நீட்டினான். முப்பத்தொன்றின் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு கிளை தெரிந்தது. தடவிப் போனால் கை கூட்டுக்குப் பக்கத்தில் போகும். தடவவில்லை. ஐந்து இலை ஒடித்தான்.

"முப்பத்தொண்ணு எழுது!"

மச்சினன் அண்ணாந்து பார்த்தான். "நீங்க இன்னும் முப்பதுலதான மாமா இருக்கீங்க?"

"எழுதுடான்னா."

எழுதினான்.

அதற்குப் பிறகு முப்பத்துமூன்று மரம் ஏறினான். ஒன்றில் சிவப்பெறும்பு, ஒன்றில் அழுகிய கிளை முறிந்து முழங்கை உரிந்தது, ஒன்றில் பாம்புச் சட்டையைப் பார்த்துவிட்டுப் பாம்பையும் எதிர்பார்த்துக்கொண்டே ஏறினான். எதையும் விடவில்லை. எல்லாவற்றிலும் அடிமரம்வரை தடவினான். அதனாலேயே அந்த ஒன்று மனதில் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

பரிசோதனை அறை மாடியில் இருந்தது. செருப்பைக் கழற்ற வேண்டும். நீளமான மேஜை, அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பிகள், மூலையில் இரண்டு குளிர்சாதனப் பெட்டி. ஒன்றின் கதவில் 'சாப்பாடு வைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. டாக்டரம்மா ஒரு பெரிய தாளை விரித்தார். மரத்துக்கு ஒரு கோடாக அறுபத்துநான்கு கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் பல நிறத்தில் துண்டு துண்டாக.

"உக்காருங்கண்ணா."

அவன் உட்காரவில்லை. மச்சினன் உட்கார்ந்துவிட்டு, அவனைப் பார்த்து எழுந்துகொண்டான்.

"இது ஒவ்வொரு மரமும். நிறம் மாறி மாறி வருது பாருங்க. இப்ப இங்க பாருங்க. பன்னெண்டுல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும். பதினாலு மரம்."

பதினான்கு கோடும் ஒரே அச்சு. நிறம் மாறவில்லை, இடம் மாறவில்லை.

"அப்புறம் முப்பதும் முப்பத்தொண்ணும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் தாளை மடிக்காமல் அவனையே பார்த்தார். "காட்டு மரத்துல இப்படி வராதுண்ணா. நான் கோவிச்சுக்கல. சரிவு கஷ்டமான சரிவு, மழை வேற. ஒரு மரத்துல பறிச்சுப் பதினாலு கவர்ல போட்டீங்களா?"

ஓணானுக்குக் காது சூடாயிற்று. அந்தப் பதினான்கு மரமும் சரிவிலேயே மோசமான சரிவில் நின்றவை. நாலு நாள் ஆனது. தோள் உரிந்ததும் அங்கேதான்.

"பதினாலும் ஏறினேன் மேடம்."

"சரி, அப்ப..."

"பதினாலும் ஏறினேன்! ஒவ்வொண்ணா. கிளையைத் தடவித்தான் பறிச்சேன். நீங்க வாங்க, கீழ நின்னு பாருங்க. எந்த மரம்னு நீங்க சொல்லுங்க, அதுல ஏறுறேன். பொய்யின்னா இந்தக் கயித்தை உங்க மேஜையில வெச்சிட்டுப் போறேன்."

பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா தாளைச் சுருட்டினார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணி" என்றார்.

இறங்கும்போது படியில் மச்சினன் சொன்னான்: "மாமா, பதினாலுக்கு நல்லா கத்துனீங்க. முப்பத்தொண்ணு வந்தப்ப சத்தத்தையே காணோமே?"

"வாயை மூடிட்டு வாடா."

மறுநாள் டாக்டரம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து என்று மூன்றைச் சொன்னார். மூன்றும் ஒன்றுக்கொன்று நல்ல தூரம். ஓணான் ஏறினான். அவர் கழுத்தை மடக்கி அண்ணாந்து நின்று பார்த்தார். இலையைக் கயிற்றில் இறக்கியதும் தன் கையாலேயே உறையில் போட்டு எழுதினார். பழைய இலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்தால் என்ன தெரியும், இலை இலை மாதிரிதான் இருந்தது. ஆனால் ஏறியவன் ஏமாற்றுகிறவன் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்தாம் மரத்தில் அடிமரத்தை எட்டு இடத்தில் கொத்திப் பதித்த பழைய தழும்பு அப்படியே இருந்தது. அவன் காலில் இரும்பு முள் கட்டி ஏறிய இடம்.

"அப்ப இது எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நின்றார்.

அவர் உட்கார இடம் பண்ணலாம் என்று மச்சினன் கத்தியால் புதரைச் செதுக்கினான். மழைக்குப் பிறகு கீழே விழுந்த கொட்டைகள் எல்லாம் முளைத்திருந்தன. ஒன்றைப் பிடுங்கி எறியப் போனவன் கையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மேடம் இது, ஒரு கொட்டைக்குள்ள குடும்பமே குடியிருக்குது! வாடகை யாரு குடுக்குறது?"

டாக்டரம்மா திரும்பினார். "குடுங்க அதை."

ஒரே கொட்டையிலிருந்து நாலு முளை வந்திருந்தது. அவர் சேற்றிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இன்னொன்றைப் பிடுங்கினார். மூன்று முளை. இன்னொன்று. ஐந்து. பூட்ஸ், கால்சட்டை எல்லாம் சேறு. முகத்தைப் பார்த்தால் லாட்டரி அடித்தவர் மாதிரி இருந்தார்.

"சில மாமரத்துல இப்படி உண்டு. தோப்புல பார்த்திருக்கேன், காட்டுல இங்க இருக்கும்னு நினைக்கவே இல்ல. இந்த முளையில பெரும்பாலும் எல்லாமே தாய்மரத்தோட நகல். அப்பனே கிடையாது. மேல எங்கயோ ஒரு மரம் நின்னிருக்கு. அதுல இருந்து கொட்டை உருண்டு உருண்டு வந்து பதினாலும் ஆயிருக்கு. அதான் ஒரே அச்சு."

"அப்ப பதினாலும் ஒரே ஆளா மேடம்?" என்றான் மச்சினன்.

"ஒரே ஆள்தான். பதினாலு இடத்துல நிக்கிறாரு."

எழுந்து சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் ஓணான் முன்னால் வந்தார்.

"அண்ணா, உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

ஓணான் இதுவரை மேலே இருப்பவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறான். சில நேரம் நல்ல பேரும் வாங்கியிருக்கிறான். மன்னிப்பு வாங்கியதில்லை. வாங்கினால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"அந்த முப்பது, முப்பத்தொண்ணும் இதே கதைதான். அதைத் திரும்பப் பார்க்க வேண்டாம். முப்பதுல இருந்து மட்டும் குச்சி எடுத்தாப் போதும். நிரந்தரத்துக்கு உங்க பேரை நான் இன்னைக்கே எழுதிடறேன்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். மூச்சை இழுத்தான். வேண்டாம் என்று மச்சினன் கண்ணைக் காட்டினான். கயிறு சுருட்டி முடிந்தது. டாக்டரம்மா முளைவிட்ட கொட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

ஓடையின் கீழ்க்கோடியில் அன்றைக்கே ரம்பச் சத்தம் கேட்டது. குத்தகைக்காரன் ஆட்கள் வந்துவிட்டார்கள். தண்ணீர் முதலில் ஏறுகிற ஓடைக்கரையிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வருவார்கள்.

"அஞ்சாறு நாள்ல முப்பத்தொண்ணுக்கு வந்துடுவானுங்க" என்றான் ஓணான்.

"வரட்டும். மரமும் போயிடும், பேச்சும் போயிடும். மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அந்தம்மாவே நம்பிடுச்சு. நீங்க எதுக்கு நம்பாம இருக்கீங்க?"

ஓணானின் பெண்டாட்டி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கிழிந்துபோய்க் கழித்துக்கட்டிய விரிப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டித் துடைதுணி ஆக்குவாள். அன்று சாயங்காலம் அவன் ஒரு முனை, அவள் ஒரு முனை பிடித்து விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னான். நிரந்தரம் என்ற இடத்தில் அவள் முகம் மலர்ந்தது. முப்பத்தொன்று என்ற இடத்தில் கை நின்றது.

"அந்த மரம் போனா உனக்கென்னய்யா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"பழம் தின்னுவியா?"

"அதை மாடுகூடத் தின்னாது."

"அப்புறம்?"

"அந்தம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு."

அவள் தன் முனையைக் கொண்டுவந்து அவன் கையில் இருந்த முனையோடு சேர்த்தாள். மடிப்பு நேராக இல்லை. உதறிவிட்டு மறுபடி பிடித்தாள்.

"சொன்னா, நிரந்தரமும் போகும். பதினாலும் பொய்யின்னு ஆகும்."

"மூணு மரம் அது கண்ணு முன்னால ஏறியிருக்கேன்."

"மூணுதான? மிச்சம் பதினொண்ணு?" அவள் குரல் உயரவில்லை. "நீ மறுபடி கம்பிக்குப் போனா நானும் வந்து கம்பத்துக்குக் கீழ நிப்பேன். வேலைக்குப் போக மாட்டேன், சமைக்க மாட்டேன். ஒவ்வொரு கம்பமா வந்து நிப்பேன். ஊரே சிரிக்கும். பரவாயில்லையா?"

"கம்பிக்குப் போகல."

"வேற எங்க போவ? உனக்கு ஏறுறதத் தவிர என்ன தெரியும், ஓணான்?"

"முதல்ல அந்த முப்பத்தொண்ணுல ஏறணும்" என்றான். அவள் விரிப்பைக் கீழே வைத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ஊசியும் தடித்த நூலும் எடுத்தாள். மடித்த விரிப்பைப் பிரித்து, இரண்டாக மடக்கி, கழுத்துக்கு ஓட்டை வெட்டினாள்.

"முகத்துக்கு என்ன போடுவ?"

"கொசுவலைத் துண்டு இருந்தாப் போதும்."

"வலையாம் வலை." பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "கொட்டு வாங்கிட்டு வந்து முனகினா, மருந்து போட மாட்டேன். சொல்லிட்டேன்."

விடியலில் குளிர் இருக்கும்போது கதண்டு சுறுசுறுப்பாக இருக்காது. இரண்டு நாள் கழித்துத் தூறல் விழுந்த ஒரு விடியலில் போனார்கள். வர மாட்டேன் என்று சொன்ன மச்சினன், வழியெல்லாம் வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஓடைக்கரையில் இருபத்தாறுக்கும் கீழே வேறு சாதி மரங்கள் விழுந்து கிடந்தன. அடிக்கட்டைகளில் பால் இன்னும் காயவில்லை.

"ஏதாவது ஆச்சுன்னா அக்காவுக்கு நான்தான பதில் சொல்லணும்?" என்று கயிற்றை இடுப்பில் சுற்றினான். "மேல போயிட்டுக் கத்தாதீங்க. எனக்கு ஓடத் தெரியாது."

ஓணான் விரிப்பை மாட்டி, வலையைக் கழுத்தில் கட்டி ஏறினான். இரண்டு எட்டு, நிற்பது, பார்ப்பது. கவைக்குக் கீழே வந்ததும் மூச்சை அடக்கினான். கூட்டின் வாயில் நாலைந்து ஈரமாக உட்கார்ந்திருந்தன. மறுபக்கமாகச் சுற்றி, கவையைத் தாண்டி மேலே போனான். தளிர் இருந்த கிளையைப் பிடித்தான். அங்கிருந்து கையை வைத்துக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்தான். கிளை தடித்தது, இன்னொரு கிளையில் சேர்ந்தது, அது கவையில் சேர்ந்தது. கை கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி அடிமரத்தைத் தொட்டது. அப்போது ஒன்று புறங்கையில் கொட்டியது. விரலை எடுக்காமல் பல்லைக் கடித்தான். இன்னொன்று மணிக்கட்டில். மெதுவாகத் திரும்பி மேலே போய், ஐந்து இலை பறித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான்.

கீழே வருவதற்குள் கை பன் மாதிரி வீங்கிவிட்டது. மச்சினன் உறையை நீட்டினான். இந்தத் தடவை எதையும் கேட்காமல் எண்ணை எழுதினான்.

டாக்டரம்மா கையுறை போட்டுக் குப்பிகளில் எதையோ சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். அவன் உறையை மேஜை ஓரத்தில் வைத்தான்.

"என்னண்ணா இது?"

"முப்பத்தொண்ணு."

"அதான் நம்மகிட்ட இருக்கே. ஐயோ, கை என்ன ஆச்சு?"

"அது முப்பதுல உக்காந்து ஒடிச்ச இலை மேடம். கதண்டு இருந்துச்சு. நான் அன்னைக்கு அந்த மரத்துல ஏறல. இன்னைக்குத்தான் ஏறினேன்."

அவர் கடைசிச் சொட்டை விட்டு முடித்தார். குப்பியை மூடினார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"நான் மன்னிப்புக் கேட்டேனே. அப்ப ஏன் சொல்லல?"

"வாய் வரல."

"இப்ப எப்படி வந்துச்சு?"

"இப்பவும் வரல. அதான் இலையைக் கொண்டாந்தேன்."

"வேற எத்தனை மரம்?"

"வேற இல்ல."

"அன்னைக்கும் இதே அறையில இப்படித்தான் சொன்னீங்க. இதைவிடச் சத்தமா சொன்னீங்க."

  அவர் சொன்னது சரி.

"அறிக்கையை நேத்து அனுப்பிட்டேன்" என்றார். "திருப்பி வாங்கணும். ஏன்னு கேப்பாங்க. என் ஆளு ஏறல, நான் பார்க்கலன்னு எழுதணும். புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு வேற எழுதியிருக்கேன். இப்ப அதையும் ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க."

"அது நிஜம் மேடம். கொட்டையை நீங்களே பார்த்தீங்க."

"கொட்டையைப் பார்த்தேன். பதினாலு மரத்துல மூணுதான் பார்த்தேன்."

"அறுபத்துநாலையும் திரும்ப ஏறுறேன். நீங்களே நின்னு எழுதுங்க."

டாக்டரம்மா சன்னல் பக்கம் போய் நின்றார். கீழே புதுத் தோட்டத்தின் நாற்பது குழியிலும் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மேஜைத் தட்டில் ஒரு கடிதம் கையெழுத்து ஆகாமல் கிடந்தது. அவன் பேர் அதில் இருந்தது; தலைகீழாகப் பார்த்தாலும் தன் பேர் அவனுக்குத் தெரிந்தது. அவர் வந்து அதை எடுத்தார். கிழிக்கவில்லை. இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"மெஷின் முடிவு வர மூணு வாரம் ஆகும். ரம்பம் அந்த மரத்துக்கு வர எத்தனை நாள்?"

"மூணு. மிஞ்சிப்போனா நாலு."

"குச்சி எடுக்கணும்னா இலையை உருவிப் பத்து நாள் விடணும். அதுக்கும் நேரமில்ல. பச்சையா வெட்டினாப் பாதி பிடிக்காது." அவர் நாற்பது எண்கள் எழுதிய பட்டியலை இழுத்து வைத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஐம்பத்தெட்டில் நின்றது. "இது ஐம்பத்தேழுல இருந்து கொஞ்சம்தான் மாறுது. ஆனா மாறுதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். முப்பத்தொண்ணு என்னன்னே தெரியாது. முப்பதோட நகலாவேகூட இருக்கலாம்."

"இருக்கலாம்."

"தெரிஞ்சதை விட்டுட்டுத் தெரியாததுக்குக் குழி குடுக்கறேன். வேற வழி வெக்கல நீங்க."

ஐம்பத்தெட்டை அடித்து, பக்கத்தில் முப்பத்தொன்று என்று எழுதினார்.

"கைக்கு முதல்ல மருந்து போடுங்க. நாளைக்கு விடியல்ல குச்சி. அதுக்கப்புறம் ஓடைக்கரையில இருந்து ஆரம்பிக்கிறோம், ரம்பத்துக்கு முன்னால. ஒரு மரம் விடாம. உங்க மச்சான் கயிறு மட்டும் பிடிக்கட்டும்."

வெளியே படியில் காத்திருந்த மச்சினன் அவன் முகத்தைப் பார்த்தான்.

"அடிச்சாங்களா மாமா?"

"இல்ல."

"அப்ப வேலை?"

"இருக்கு. அறுபத்துநாலு மரம்."

"திரும்பவுமா?" மச்சினன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அதுக்கு அடிச்சிருக்கலாமே."

மறுநாள் விடியலில் முப்பத்தொன்றிலிருந்து பத்துக் குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான். டாக்டரம்மா அடியில் நின்று, அவன் எந்தக் கிளையில் கை வைக்கிறான் என்று கடைசிவரை பார்த்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ரம்பக்காரர்கள் அந்த மரத்துக்கு வந்தார்கள். கூட்டைப் புகை போட்டுக் கலைத்துவிட்டு வெட்டினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்போது ஓணான் முப்பத்தெட்டாம் மரத்தின் பாதியில் இருந்தான். விழுகிற சத்தம் கேட்டு, பிடித்திருந்த கிளை ஆடி நிற்கும்வரை நின்றான்.

கை வீக்கம் வடிந்திருந்தது, ஆனால் விரல் முழுதாக மடங்கவில்லை. ஏறுவதற்கு முன்பைவிட நேரம் ஆயிற்று. கீழே டாக்டரம்மா பேனாவும் உறையுமாக அண்ணாந்து நின்றார். சேறு தெறித்த பூட்ஸ், கழுத்தில் சுற்றிய துண்டு. மூன்று நாளில் அவனை ஒருமுறைகூட அண்ணா என்று கூப்பிடவில்லை. அதை மச்சினனும் கவனித்திருந்தான்.

உச்சியில் தளிர்க் கிளையைப் பிடித்தான். மடங்காத விரலை வைத்தே தடவிக்கொண்டு அடிமரம்வரை வந்தான். திரும்பப் போய் ஐந்து இலை பறித்துக் கயிற்றில் இறக்கினான்.

"முப்பத்தெட்டு."

டாக்டரம்மா தகட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எழுதினார்.

"அடுத்தது" என்றார்.